பூங்காவில் பாதியைக் கார் நிறுத்தக் குத்தகைக்கு விடப்போவதாக நோட்டீஸ்: எதிர்ப்பை எங்கே தொடங்குவது?

மூலைவீட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் க்வாசுலு-நட்டால் மாகாணத்தில் ஓர் ஊர். பெயர் இப்போதைக்கு வேண்டாம். தெருமுனையில் சிறுவர் பூங்கா ஒன்று, ஏறக்குறைய 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம். அதில் பாதியைப் பக்கத்துக் கடைத்தொகுதிக்கு வாகனம் நிறுத்த 9 ஆண்டு 11 மாதத்துக்குக் குத்தகை விட உத்தேசம் என்று வேலியில் நகராட்சி நோட்டீஸ் கட்டியிருக்கிறார்கள். ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள்.

என் கேள்விகள்:

கையெழுத்து வேட்டை நடத்தினால் போதுமா, வேறு ஏதாவது வேண்டுமா? கடைக்கு வரும் கார்கள் இப்போதே தெருவோரப் புல்லில் ஏறி நின்று வீட்டு வாசலை மறைக்கின்றன. இதற்கு யாரிடம் போவது? தெருவில் சிலர் "எல்லோரும் சேர்ந்து ரேட்ஸ் (நகராட்சிச் சொத்து வரி) கட்டுவதை நிறுத்துவோம்" என்கிறார்கள், அது சரிவருமா? இன்னொரு சிக்கலும் உண்டு. தைப்பூசக் காவடிக்கு வரும் வண்டிகள் அந்தப் பூங்கா மைதானத்தில்தான் நிற்கும். அதனால் கோவில் கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. தளம் போட்டால் நமக்கும் நல்லதுதானே என்று ஒரு பாதி கேட்கிறது.

பழையவரைபடம்:

அக்கா, கையெழுத்து வேட்டைக்கு முன்னால் அந்த நோட்டீஸை எழுத்து விடாமல் படமெடுங்கள். மேலே எந்தச் சட்டத்தின் கீழ் என்று ஒரு வரி இருக்கும். எல்லாமே அதைப் பொறுத்தது.

நகராட்சி நிலத்தை விற்பதென்றால் 2003-ஆம் ஆண்டின் நகராட்சி நிதி நிர்வாகச் சட்டம், பிரிவு 14. பயன்படுத்தும் உரிமை மட்டும் கொடுப்பதென்றால் 2008-இல் வந்த நகராட்சிச் சொத்து மாற்ற விதிமுறைகள். நிலத்தின் பயன்பாட்டு வகையை மாற்றுவதென்றால் ஸ்ப்ளூமா என்று எல்லோரும் சொல்லும் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் சட்டமும் (2013-ஆம் ஆண்டின் 16-ஆம் எண்), அதன் கீழ் உங்கள் நகராட்சி போட்ட துணைவிதியும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை. ஆனால் இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். குத்தகைக்குச் சம்மதம் கிடைத்துவிட்டாலே அங்கே கார் நிறுத்தலாம் என்று ஆகிவிடாது. நிலம் "பொதுத் திறந்தவெளி" என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால், வணிக வாகன நிறுத்தத்துக்கு வகை மாற்ற விண்ணப்பம் தனியாகப் போக வேண்டும். அது வேறு முடிவு, அதற்கு வேறு ஆட்சேபக் காலம். முதலாவதில் தோற்றாலும் இரண்டாவதில் நிற்கலாம். நகராட்சித் திட்டமிடல் அலுவலகத்தில் எர்ஃப் எண்ணை (பதிவான மனை எண்) கொடுத்து வகைச் சான்று கேளுங்கள்.

அடுத்தது பத்திரம். க்வாசுலு-நட்டால் முழுவதற்கும் பத்திரப் பதிவகம் பீட்டர்மாரிட்ஸ்பர்கில். உரிமைப் பத்திர நகல் எடுத்து, "பூங்காவுக்காக மட்டும்" என்பது போன்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே சர்வேயர்-ஜெனரல் அலுவலகத்திலிருந்து அந்தக் குடியிருப்பின் பொது வரைபடமும் வேண்டும். 1960-களில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டக் காலத்தில் வரைந்த குடியிருப்புகளில் பூங்கா, பள்ளி, கோவில் நிலங்கள் தனித்தனி எண்ணுடன் காட்டப்பட்டிருக்கும். வீட்டு மனைகளைக் கொடுத்தபோதே இதையும் கணக்கில் வைத்துத்தான் தளக்கோலம் போட்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. டர்பன் எல்லைக்குள் என்றால் அந்த நிலம் "டிமாஸ்" என்னும் திறந்தவெளி அமைப்பின் வரைபடத்தில் வருகிறதா என்றும் பார்க்கலாம். வந்தால் சுற்றுச்சூழல் பிரிவின் கருத்து இல்லாமல் கட்டுமானம் நகராது.

அந்த 9 ஆண்டு 11 மாதம் தற்செயல் அல்ல. 10 ஆண்டும் அதற்கு மேலும் போகும் குத்தகையைப் பத்திரத்தில் பதிந்தால்தான் மூன்றாம் ஆட்களைக் கட்டுப்படுத்தும். அந்தக் கோட்டுக்குள் நிற்க ஒரு மாதம் குறைப்பது இங்கே வழக்கம். அதில் குற்றமில்லை. ஆனால் சொத்து மாற்ற விதிகளில் 3 ஆண்டுக்கு மேல் போனாலே அது நீண்டகால உரிமைதான்.

இன்னொன்று. "பொதுமக்கள் கலந்தாய்வு 60 நாள் கட்டாயம்" என்று எழுதிவிடாதீர்கள். அது உயர்மதிப்புச் சொத்தை விற்கும்போது வருவது. பயன்பாட்டு உரிமைக்கு விதி 34-இன்படி முறையான கலந்தாய்வு கட்டாயமாவது, சொத்தின் மதிப்பு 1 கோடி ரேண்டுக்கு மேலும் உரிமை நீண்டகாலமாகவும் இருந்தால்தான். 2,400 சதுர மீட்டர் பூங்காவுக்கு அந்த மதிப்பு வராது. தப்பான விதியைக் காட்டினால் உங்கள் கடிதத்தின் மற்ற நல்ல வாதங்களையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள். பிடிக்க வேண்டியது வேறு: அந்தச் சொத்து குத்தகைக் காலத்தில் நகராட்சிக்கே தேவைப்படுமா, உள்ளூர் மக்கள் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகுதான் கவுன்சில் கொள்கையளவில் ஒப்புதல் தர முடியும். ஒப்புதலுக்குப் பிறகும் நகராட்சியின் சொத்து அகற்றல் முறைப்படிதான் உரிமை கொடுக்க வேண்டும். போட்டி ஏலம் இல்லாமல் நேரே பக்கத்துக் கடைக்கு ஏன் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதிகாரிகளுக்குப் பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி அது.

பழையவரைபடம்:

ஆட்சேபக் கடிதம் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

முந்நூறு பேர் கையெழுத்திட்ட ஒரு மனுவைவிட, அவரவர் சொந்தச் சொற்களில் எழுதிய இருபது கடிதங்கள் கனமானவை. மனுவை ஒரே ஆட்சேபமாக எண்ணிவிட வாய்ப்புண்டு. முடிவு வந்தால் முதல் பெயரிலிருக்கும் ஒருவருக்கு மட்டும் தபால் போகும். மற்ற 299 பேருக்கும் மேல்முறையீட்டுக் காலம் ஓடுவதே தெரியாது. மனு வேண்டாம் என்று சொல்லவில்லை. கவுன்சிலரை அசைக்க அது தேவை. ஆனால் சட்டக் கணக்குக்குத் தனிக் கடிதம்.

ஒவ்வொன்றிலும் பெயர், விலாசம், எர்ஃப் எண், நோட்டீஸ் குறிப்பு எண், பூங்காவுக்கும் உங்கள் வீட்டுக்கும் உள்ள தூரம், காரணங்கள், என்ன கேட்கிறீர்கள் என்பது, கடைசியாக "முடிவை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும்" என்ற வரி. கடைசி வரியை விடவே கூடாது. கையால் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். மின்னஞ்சல் மட்டும் என்றால் தானியங்கிப் பதிலையாவது சேமித்து வையுங்கள்.

30 நாளை எண்ணும் முறை: முதல் நாளை விட்டு, கடைசி நாளைச் சேர்க்க வேண்டும். கடைசி நாள் ஞாயிறோ பொது விடுமுறையோ ஆனால் அடுத்த நாளுக்குத் தள்ளும். சனிக்கிழமைக்கு அந்தச் சலுகை கிடையாது, அன்று அலுவலகமும் பூட்டியிருக்கும். டிசம்பர் நடுவில் வரும் நோட்டீஸ்களைப் பார்த்தால் எனக்கு எப்போதும் சந்தேகம்தான்.

காரணங்களில் "குழந்தைகள் விளையாட இடமில்லை" என்று எழுதுவார்கள். உண்மைதான், ஆனால் எல்லா ஆட்சேபத்திலும் இருக்கும் வரி. எண் சொல்லுங்கள். பாதி நிலம் 1,200 சதுர மீட்டர். உள்ளே ஓடும் பாதையையும் சேர்த்து ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் பிடிக்கும்; ஆக 40 முதல் 48 கார். அந்த 1,200 சதுர மீட்டரில் தார் போட்டால், 100 மில்லிமீட்டர் மழைக்கு 120 கன மீட்டர் தண்ணீர், அதாவது 120,000 லிட்டர் விழும். இப்போது அதில் ஒரு பகுதி மண்ணில் இறங்குகிறது. அப்போது ஏறக்குறைய அத்தனையும் தெருச் சாக்கடைக்குப் போகும். தாழ்வான பக்கம் எந்த வீடுகள் என்று வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு மழைநீர் வாதத்தை க்வாசுலு-நட்டாலில் எந்தப் பொறியாளரும் சிரித்துத் தள்ள மாட்டார்.

சாலைக்கோடு:

வாசல் மறைக்கும் கார்கள் பற்றி.

தெருப் பிரச்சினையையும் பூங்காப் பிரச்சினையையும் ஒரே கடிதத்தில் போட வேண்டாம். பூங்காக் கடிதம் நகராட்சியின் சொத்துப் பிரிவுக்கும் பூங்காப் பிரிவுக்கும் போகும். நிறுத்தல் மீறல் மெட்ரோ போலீஸ் அல்லது உள்ளூர் போக்குவரத்துப் பிரிவுக்கு. கோடு, பலகை போடுவது சாலைப் போக்குவரத்துப் பொறியியல் பிரிவு. ஒரே தாளில் எழுதினால் மூன்று மேசையிலும் "என் வேலை இல்லை" என்ற பதில்தான்.

தேசிய சாலைப் போக்குவரத்து விதிமுறைகள் 304, 305 இரண்டையும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சந்திப்பிலிருந்து 5 மீட்டருக்குள், பலகை அனுமதித்தால் ஒழிய, நிறுத்தக் கூடாது. பாதசாரிக் கடப்புக்கு வரும் பக்கத்தில் 9 மீட்டர். தீயணைப்புக் குழாய்க்கு இரு புறமும் 1.5 மீட்டர். வாகன வாசலை மறைக்கக் கூடாது. சாலையின் அகலம் 9 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் இன்னொரு வண்டிக்குப் பக்கத்திலோ எதிரிலோ நிறுத்தவே கூடாது. டேப் எடுத்து அளந்து எழுதுங்கள். 5.5 மீட்டர் தெருவில் இரு பக்கமும் கார் நின்றால் நடுவில் ஒன்றரை மீட்டர்தான் மிஞ்சும், ஆம்புலன்ஸ் நுழையாது. "எப்போதும் நெரிசல்" என்று பத்து வரி எழுதுவதைவிட இந்த ஒரு வரி மேல்.

புல்லோரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சட்டத்தில் "நடைபாதை" என்றால் ஓரத்தில் பாதசாரிக்கு மட்டுமென்று விட்ட பகுதி. வெறும் புல் ஓரத்தை அதிகாரி அப்படிப் பார்க்காமல் போகலாம். "இது நடைபாதை இல்லையே" என்று சீட்டுக் கிழிக்காமல் திரும்பிப் போவது இதனால்தான். எனவே புல்லில் ஏறுவதை நிறுத்த வேண்டுமானால் இரண்டு வழி. ஒன்று, உங்கள் நகராட்சித் துணைவிதியில் ஓரத்தில் நிறுத்துவது பற்றி என்ன இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பிரிவு எண்ணையே புகாரில் எழுதுவது. இரண்டு, கோடு கேட்பது. சிவப்புக் கோடு என்றால் நிற்கவே கூடாது. மஞ்சள் கோடு என்றால் நிறுத்தி வைக்கக் கூடாது, ஏற்றி இறக்கலாம். பலகையில் ஆர் 217-உம் ஆர் 216-உம் அதே வரிசை. வாசலுக்கு மஞ்சள் போதும். முனைக்குச் சிவப்புக் கேளுங்கள்.

சொந்தமாகக் கல், கான்க்ரீட் உருண்டை, இரும்புக் குச்சி நடாதீர்கள். மதிலுக்கு வெளியே கர்ப் (சாலை விளிம்புக் கல்) வரைக்கும் உள்ள நிலம் நகராட்சியுடையது, நீங்கள் புல் வெட்டிப் பராமரித்தாலும் சரி. யாராவது தடுக்கி விழுந்தால் நஷ்டஈடு கேட்டு உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள்.

புகார் செய்யும்போது எண் தகடு, நேரம், எந்த விதி, தெருவிலக்கம், படம், எல்லாம் ஒரே வரிசையில். குறிப்பு எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். ஒரே வண்டி நகரத்துக்குள் 7 நாளுக்கு மேல் அதே இடத்தில் நகராமல் கிடந்தால் அதைக் கைவிடப்பட்ட வாகனமாகப் புகார் செய்யலாம். அது வேறு பாதை.

வார்டுக்குரல்:

ரேட்ஸ் நிறுத்துவோம் என்று யாராவது சொன்னால் அக்கா, அன்போடு உட்கார வையுங்கள். 2013-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ராடெமன் எதிர் மொகாகா நகராட்சி வழக்கில் இதைத் தீர்த்துவிட்டது. வழக்குப் போட்ட ராடெமன் அம்மா ரேட்ஸை நிறுத்தி, மின்சாரம் போன்ற சேவைகளுக்குக் கட்டினார். நகராட்சி மின்சாரத்தை வெட்டியது. வெட்டியது சரிதான் என்று தீர்ப்பு. நகராட்சி அமைப்புகள் சட்டத்தின் 102-ஆம் பிரிவில் எல்லாக் கணக்கையும் ஒன்றாக்கி, கட்டிய பணத்தை எதில் வேண்டுமானாலும் வரவு வைக்க முடியும். ஒரு குறிப்பிட்ட தொகையைப் பற்றித் தகராறு எழுப்பியிருந்தால் மட்டும் விலக்கு. "பூங்கா போகிறது, அதனால் கட்டமாட்டோம்" என்பது தொகைத் தகராறு ஆகாது.

கவுன்சிலர் விஷயம்: அவர் தனியாக எதையும் நிறுத்த முடியாது. அவர் தலைமையிலான வார்டு கமிட்டியும், அவரைத் தவிர அதிகபட்சம் 10 பேர், பரிந்துரைக்கத்தான் முடியும். ஆனாலும் கமிட்டிக் கூட்டத்தின் குறிப்பில் உங்கள் எதிர்ப்பைப் பதிய வையுங்கள். கவுன்சில் பின்னால் "வார்டில் எதிர்ப்பு வரவில்லை" என்று சொல்ல முடியாமல் போகும். பூங்காவுக்குப் பணம் ஒதுக்கக் கேட்பதற்கும் காலம் உண்டு. நிதியாண்டு ஜூலை 1 தொடங்குகிறது, வரைவு பட்ஜெட் அதற்கு 90 நாள் முன்பே வைக்கப்பட வேண்டும். ஆக ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் போட்ட கருத்துக்குத்தான் பலன். ஆகஸ்டில் ஊஞ்சல் கேட்டால் அடுத்த ஆண்டுதான்.

மனுவைக் கொடுக்கக் கூட்டமாக நடந்து போவதானால் 15 பேர் வரை பிரச்சினையில்லை. பதினாறாவது ஆள் சேர்ந்தால் 1993-ஆம் ஆண்டின் கூட்ட ஒழுங்குச் சட்டப்படி 7 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டத்துக்கு 48 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது அறிவித்தால், அதைக் காட்டியே தடை போடலாம். அறிவிக்காமல் கூட்டம் நடத்துவதையே குற்றமாக்கிய பகுதியை 2018-இல் மிலுங்வானா வழக்கில் நீக்கிவிட்டார்கள், இருந்தாலும் அறிவித்துவிட்டுப் போவதே நல்லது. காவடி ஊர்வலம் இந்தச் சட்டத்தில் வராது. அதற்குத் தெரு மூடல் அனுமதி தனி.

லெனேஷியாவாசி:

எங்கள் பக்கத்திலும் இதே பேச்சு வரும்போது உடனே "தெருவுக்கு பூம் கேட் (தூக்கி இறக்கும் தடுப்பு) போட்டுவிடலாம், வெளிக் கார் வராது" என்பார்கள். எங்கள் கௌடெங் மாகாணத்தில் அதற்கு 1998-ஆம் ஆண்டின் மாகாணச் சட்டம் ஒன்று உண்டு: பாதுகாப்புக் காரணம் காட்ட வேண்டும், அனுமதி 2 ஆண்டுக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும், யாரையும் உள்ளே வராமல் தடுக்க முடியாது. நிறுத்தல் தொல்லை ஒரு காரணமே ஆகாது. அந்தச் சட்டம் உங்கள் மாகாணத்துக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸாப்பில் யாராவது எங்கள் படிவத்தை அனுப்பினால் நிரப்பாதீர்கள்.

இருபத்தொருநாள்:

முடிவு வந்த பிறகு என்ன என்று யாரும் எழுதவில்லை.

ஒரு அதிகாரியோ கமிட்டியோ ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தின் கீழ் முடிவெடுத்தால், நகராட்சி அமைப்புகள் சட்டம் பிரிவு 62: அறிவிப்புக் கிடைத்த 21 நாளுக்குள் காரணங்களுடன் நகராட்சி மேலாளருக்கு எழுத்து மூலம் மேல்முறையீடு. முழுக் கவுன்சிலே முடிவெடுத்திருந்தால் இந்த வழி இல்லை, நேரே நீதிமன்ற மறுஆய்வு. நில வகை மாற்றத்துக்கு ஸ்ப்ளூமா பிரிவு 51, அதுவும் 21 நாள். அதனால் கடிதம் கையில் வந்ததும் முதல் கேள்வி: இதை யார் முடிவு செய்தது?

பிரிவு 62-இல் ஒரு பொறி. ஏற்கெனவே கிடைத்துவிட்ட உரிமையை மேல்முறையீடு பறிக்க முடியாது. குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டால் உங்கள் மேல்முறையீட்டில் ஜெயித்தும் பயனில்லாமல் போகலாம். எனவே ஆட்சேபக் கடிதத்திலேயே "மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை ஒப்பந்தம் செய்யமாட்டோம் என்று உறுதி தரவும்" என்று கேட்டுவிடுங்கள். மறுத்தால் அந்த மறுப்பே தடை உத்தரவு கேட்க உதவும்.

முடிவுக்குக் காரணம் கேட்பது பாஜா, அதாவது நிர்வாக நீதி மேம்பாட்டுச் சட்டம், 2000-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் சட்டம், பிரிவு 5. முடிவு தெரிந்த 90 நாளுக்குள் கேட்க வேண்டும், அவர்கள் பதில் தரவும் 90 நாள். காரணம் வரட்டும் என்று காத்திருந்தால் 21 நாள் போய்விடும். நிறைய வழக்கு செத்தது இங்கேதான். இரண்டையும் ஒரே நாளில் அனுப்புங்கள். பின்னால் காரணம் வந்ததும் மேல்முறையீட்டுக்கு இணைப்பு எழுதலாம். மறுஆய்வுக்கு உச்சவரம்பு 180 நாள், அதுவும் "நியாயமற்ற தாமதம் இல்லாமல்". 179-ஆம் நாள் போனால் நீதிபதி ஏன் இத்தனை நாள் என்று கேட்பார். உள் மேல்முறையீட்டை முடிக்காமல் போனாலும் திருப்பி அனுப்புவார்.

ஆவணம் வேண்டுமானால் பையா, அதாவது தகவல் அணுகல் சட்டம். படிவம் 2, கட்டணம் 100 ரேண்ட், 30 நாள். ஒரு முறை இன்னும் 30 நாள் நீட்டலாம். பதிலே வராவிட்டால் மறுத்ததாகக் கணக்கு. அங்கிருந்து 60 நாளுக்குள் உள் மேல்முறையீடு, பிறகு தகவல் ஒழுங்குமுறை ஆணையம். "பூங்கா தொடர்பான எல்லாக் கோப்பும்" என்று கேட்டால் எதுவும் வராது. கேட்க வேண்டியவை: குத்தகை கோரிய விண்ணப்பம், மதிப்பீட்டு அறிக்கை, கவுன்சிலுக்கு அல்லது கமிட்டிக்கு வைத்த அறிக்கை, பூங்காப் பிரிவின் கருத்து, போக்குவரத்து ஆய்வு. இன்றைக்கே அனுப்புங்கள், ஆட்சேபக் காலம் முடியும் முன் வராவிட்டாலும் மேல்முறையீட்டுக்கு உதவும்.

செலவு பயம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் 2009-இல் பயோவாட்ச் தீர்ப்புக்குப் பிறகு, அரசுக்கு எதிராக அரசியலமைப்பு உரிமைக்காக நேர்மையாக வழக்காடித் தோற்றவர் மீது பொதுவாக எதிர்த்தரப்புச் செலவை ஏற்றுவதில்லை. உங்கள் வக்கீல் செலவு உங்களுடையது. டர்பனில் லீகல் ரிசோர்ஸஸ் சென்டருக்கு அலுவலகம் இருக்கிறது, பல்கலைக்கழகச் சட்ட உதவி மையமும் கேட்டுப் பாருங்கள். அரசு அமைப்புகள் மீதான புகாரை விசாரிக்கும் பப்ளிக் ப்ரொடெக்டர் இலவசம். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் அங்கே போனதால் 21 நாளும் 180 நாளும் நிற்காது.

மூலைவீட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. வகைச் சான்றுக்கும் பையாவுக்கும் நாளையே போகிறோம். கோவில் கமிட்டிக்கு மட்டும் என்ன சொல்வது என்று புரியவில்லை. அவர்களைப் பகைத்துக்கொண்டு தெருவில் எதுவும் நடக்காது.

பழையவரைபடம்:

பகைக்க வேண்டாம் அக்கா. கமிட்டியிடம் ஒரே கேள்வி போடுங்கள்: குத்தகை கடைத்தொகுதியின் பெயரில் இருக்கும்போது தைப்பூசத்தன்று கேட்டைத் திறந்துவிட யார் கடமைப்பட்டவர்? ஒப்பந்தத்தில் எழுதாத எதற்கும் கடைக்காரர் கடமைப்பட்டவர் அல்ல. இப்போது அது பொது நிலம். பூங்காப் பிரிவிடம் தற்காலிகப் பயன்பாட்டு அனுமதி கேட்க அவர்களுக்கு வழி இருக்கிறது. அந்த வழி 9 ஆண்டு 11 மாதத்துக்கு அடைபடும்.

கமிட்டி கடிதம் தனியாகப் போகட்டும், உங்கள் கடிதத்தின் நகலாக வேண்டாம். அதில் எத்தனை வண்டி, எந்தெந்த நாள், எத்தனை ஆண்டாக, முன்பு வாங்கிய அனுமதிக் கடிதங்களின் நகல். பழைய அனுமதிக் கடிதம் ஒன்று கிடைத்தாலும் போதும். அந்த நிலம் பொதுப் பயன்பாட்டில் இருக்கிறது என்று நகராட்சியே எழுதித் தந்த தாள் அது. "ஒருவேளை குத்தகை கொடுத்தே தீர்வதானால்" என்று தொடங்கி மாற்று நிபந்தனைகளையும் அதிலேயே கேட்கலாம்: விழா நாட்களில் இலவசத் திறப்பு, தாருக்குப் பதில் தண்ணீர் இறங்கும் தளக்கல், 3 ஆண்டுக்கு மேல் போகாத காலம். ஆனால் இந்தப் பத்தி கமிட்டியின் கடிதத்தில் மட்டும். வீட்டுக்காரர்கள் கடிதத்தில் நிபந்தனை எழுதினால் "நிபந்தனையோடு சம்மதம்" என்று அறிக்கையில் சுருக்கிவிடுவார்கள்.

சாலைக்கோடு:

ஒன்று விட்டுப்போச்சு. கடைத்தொகுதியின் அங்கீகரிக்கப்பட்ட கட்டடத் திட்டத்தில் அவர்களுடைய சொந்த மனைக்குள் எத்தனை நிறுத்துமிடம் காட்டியிருக்கிறது என்று பாருங்கள். அதில் சிலவற்றைக் கிடங்காகவோ கூடுதல் கடையாகவோ மாற்றியிருந்தால், பற்றாக்குறை அவர்களே உண்டாக்கியது. கட்டட ஆய்வாளருக்குத் தனிப் புகார். அதன் குறிப்பு எண்ணை ஆட்சேபக் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.